அட்மின் பக்கத்துக்கும் அவர்களின் பெயர்: வைட் லேபல் சி.எம்.எஸ், அட்மின் மெனு எடிட்டர் பாவித்துப் பார்த்தது

இணையத்தளம் செய்கிற இலவச மென்பொருளான வேர்ட்பிரஸில் தளம் செய்து கொடுக்கிற எங்களில் பலர் முகப்புப் பக்கத்துக்கு நாள்கணக்காக மினக்கெடுவோம். எழுத்து, நிறம், படம், போனில் திறந்தால் எப்படித் தெரியும், எல்லாம் பார்ப்போம். ஆனால் தளத்தின் சொந்தக்காரர் ஒவ்வொரு நாளும் உள்ளே போய் விலை மாற்றுகிற, ஓடர் பார்க்கிற அட்மின் பக்கம் வேர்ட்பிரஸ் தந்தபடியே கிடக்கும். வாடிக்கையாளர் மாதக்கணக்காகப் பார்க்கப்போவது அதைத்தான்.

அந்தப் பக்கத்தை வாடிக்கையாளரின் பெயருக்கும் நிறத்துக்கும் கதைக்கிற பேச்சுக்கும் ஏற்ப மாற்றிக் கொடுக்க நான் பாவிப்பவை இரண்டு இலவசப் பிளகின்கள் (வேர்ட்பிரஸோடு சேர்த்துப் போடுகிற துணை மென்பொருள்கள்): வைட் லேபல் சி.எம்.எஸ், அட்மின் மெனு எடிட்டர். இரண்டும் வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. முதலாவது வாசலையும் முன்னறையையும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது மெனுவைப் பார்த்துக்கொள்ளும். இவை தொடாத இடங்களும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் இருந்து வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் பரந்தன், விசுவமடு, மாங்குளம், முல்லைத்தீவு என்று ஏ9 வீதிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இங்கே எழுதுவது பூநகரிப் பக்கத்தில் ஒரு பெண்கள் கூட்டுறவுக்குச் செய்த தளத்தைப் பற்றி. மொட்டைக்கறுப்பன் அரிசி, இடித்து வறுத்த மா, பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா, மிளகாய்த்தூள் இவைதான் அவர்களின் சாமான்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொதி அனுப்புவது அவர்களுக்கு லேசாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற தாய்தகப்பனுக்காக இணையத்தில் ஓடர் போடுகிறார்கள். ஓடர் பார்க்கிறவர், இருப்புக் கணக்கு வைக்கிறவர், படம் எடுத்து ஏற்றுகிறவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. ஒபிஸில் ஒரு லப்டொப் உண்டு. ஆனால் வேலை முழுக்க நடப்பது அவரவர் போனில்தான்.

இவர்களுக்கு முன்பும் ஒரு தளம் இருந்தது. ஏதோ ஒரு திட்டத்தின் காசில் வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. உள்நுழையும் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் லோகோ, மேலே பட்டியில் அந்த நிறுவனத்தின் பெயர், அடியில் அந்த நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். திட்டம் முடிந்தது, இலக்கம் வேலை செய்யவில்லை, தளம் ஒரு நாள் நின்றுபோனது. கூட்டுறவுத் தலைவி என்னிடம் சொன்னது: "அது அவையின்ரை சொந்த சொவ்ட்வெயர் எண்டுதான் பிள்ளை நாங்கள் நினைச்சம். வேற ஆரிட்டையும் காட்டேலாது எண்டு விட்டிட்டம்." பழைய தளத்தின் ஸ்கிரீன்ஷொட் ஒன்றைக் காட்டினார். பார்த்தவுடனேயே தெரிந்தது, அடியில் இருந்தது சாதாரண வேர்ட்பிரஸ். அது மட்டும் தெரிந்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ எவரிடமாவது கொடுத்துத் தளத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

இந்த வேலையில் எனக்கு இருக்கிற பிடிவாதம் அங்கிருந்துதான் வருகிறது. வைட் லேபல் பண்ணுவது வாடிக்கையாளரின் அடையாளத்தைப் போடுவதற்கு. செய்தவருடைய அடையாளத்தைப் போட்டு வாடிக்கையாளரைக் கட்டிவைப்பதற்கு இல்லை. வேர்ட்பிரஸ், எவரும் பாவிக்கவும் மாற்றவும் விடுகிற ஜி.பி.எல் உரிமத்தில் வருவது; அதன் லோகோவை அட்மின் பக்கத்தில் மறைப்பதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அடியில் என்ன ஓடுகிறது என்பதைக் காசு கொடுத்தவரிடம் மறைப்பது நேர்மையான வேலை இல்லை. வைட் லேபல் சி.எம்.எஸ்ஸில் தளம் செய்தவரின் பெயரையும் இணைப்பையும் போடுவதற்கென்று தனி இடம் இருக்கிறது. அதில் என் பெயரை அடிக்குறிப்பில் சின்னதாகப் போடுகிறேன். அதற்கு மேல் எங்கேயும் போடுவதில்லை.

முதலில் உள்நுழைவுப் பக்கம். வேர்ட்பிரஸ் தருகிற பக்கத்தில் நடுவில் டபிள்யூ எழுத்து லோகோ ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் வேர்ட்பிரஸின் தளத்துக்குப் போய்விடும். கூட்டுறவின் ஆட்களில் ஒருவர் முந்தைய தளத்தில் அப்படித்தான் ஒவ்வொரு முறையும் அகப்பட்டு, ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் பார்த்துப் பயந்து போனை வைத்துவிடுவாராம். வைட் லேபல் சி.எம்.எஸ்ஸில் லோகோவையும் மாற்றலாம், அது கொண்டுபோகிற இடத்தையும் கூட்டுறவின் முகப்புக்கு மாற்றலாம். மாற்ற மாற்றப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று உடனே பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. தலைவியைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்தேன். அவர் விரலால் காட்டக் காட்ட மாற்றினேன்.

லோகோவின் அளவில் கவனம் வேண்டும். வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கிற இடம் 84 பிக்சல் சதுரம். கூட்டுறவின் லோகோவில் பனையும் நெற்கதிரும் ஒரு வட்டத்துக்குள், அதன் கீழே சங்கத்தின் நீளமான தமிழ்ப் பெயர். சதுரத்துக்குள் அது அடங்கினால் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரிப் போய்விடும். அகலத்தையும் உயரத்தையும் தனியே கொடுக்கலாம் என்பதால் பெயர் வாசிக்கத்தக்கதாக வந்தது. பின்னணிக்குப் படம் போடச் சொல்லி எல்லாரும் ஆசைப்பட்டார்கள். வயல் படம் ஒன்று, இரணைமடுக் குளத்துப் படம் ஒன்று என்று போனில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். பூநகரியின் சில இடங்களில் சிக்னல் ஒரு கோடுதான். உள்நுழைகிற பக்கம் கனத்தால் மற்றதெல்லாம் கனக்கும். வெறும் நிறம் போதும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். சங்கத்தின் பொதிகளில் இருப்பது மஞ்சளும் கடும் மண்ணிறமும். மஞ்சளைப் பொத்தானுக்குக் கொடுத்தால் அதன்மேல் வருகிற வெள்ளை எழுத்து தெரியாது. உள்ளே இருந்து லப்டொப்பில் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும். முற்றத்தில் ஒடியல் காயப்போட்டபடி வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கு அது வெறும் மஞ்சள் கட்டை. இணையத்துக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற வேறுபாடு கேட்கின்றன. மஞ்சள்மேல் கடும் மண்ணிற எழுத்துப் போட்டால் அது வந்துவிடுகிறது. பிராண்டின் நிறத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டுவது வேலை இல்லை. அந்த நிறத்தில் எது எழுத்தாகலாம், எது பின்னணியாகலாம் என்று பிரிப்பதுதான் வேலை.

உள்ளே பக்கப்பட்டியின் நிறத்துக்கு நான் இந்தப் பிளகின்களைப் பாவிக்கவில்லை. 2013 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே அட்மின் பக்கத்துக்குப் பல நிறத் தொகுதிகளைத் தருகிறது. நாங்களும் ஒன்றைச் சொந்தமாகப் பதிவுசெய்யலாம். சின்னக் கோட் ஒன்று, நிறங்களை எழுதுகிற ஒரு சி.எஸ்.எஸ் கோப்பு, அவ்வளவுதான். அதைத் தீமின் (தளத்தின் தோற்றத் தொகுதி) ஃபங்ஷன்ஸ் கோப்புக்குள் எழுதினால் தீம் மாறுகிற அன்றைக்கு நிறமும் போய்விடும். அதனால் மஸ்ட்-யூஸ் பிளகின் அடைவில் தனிக் கோப்பாக வைக்கிறேன். அங்கே இருப்பதைப் பிளகின் பக்கத்திலிருந்து யாரும் தவறி நிறுத்திவிட முடியாது. தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது. கோட் எழுதத் தெரியாதவர், வேர்ட்பிரஸ் தருகிற தொகுதிகளில் லோகோவுக்குக் கிட்டவான ஒன்றைத் தெரிவுசெய்தாலே கண்ணுக்குப் போதுமான ஒற்றுமை வந்துவிடும்.

இனி டாஷ்போர்ட், அதாவது உள்நுழைந்தவுடன் வருகிற முதல் பக்கம். வைட் லேபல் சி.எம்.எஸ் தன் பெயரைக் காப்பாற்றுவது இங்கேதான்.

புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸில் உள்ளே போனவுடன் என்னென்ன பெட்டிகள்! தள நலம், செயற்பாடுகள், விரைவு வரைவு, வேர்ட்பிரஸ் நிகழ்வுகளும் செய்திகளும். கடைக்கான பிளகினான வூகொமர்ஸும் மற்றப் பிளகின்களும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு பெட்டி வைக்கும். பனங்கட்டிக்கு விலை மாற்ற வந்தவருக்கு எங்கோ நடக்கிற வேர்ட்பிரஸ் சந்திப்பு எதற்கு? இந்தப் பிளகினில் அவ்வளவையும் எடுத்துவிட்டு, எங்கள் கையால் எழுதிய ஒரே ஒரு வரவேற்புப் பலகையை வைக்கலாம். நான் வைத்தது இது. மேலே சங்கத்தின் லோகோ. அதன் கீழே நான்கு பெரிய பொத்தான்கள்: "புது ஓடர்கள் பார்க்க", "சாமான் சேர்க்க", "விலை மாற்ற", "முடிஞ்ச சாமானை மறைக்க". போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், பெருவிரலுக்கு அடங்கும். அவ்வளவுதான். ஓடர் பார்க்கிற அக்கா முதல்முறை அதைத் திறந்தபோது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இப்பதான் இது எங்கட கடை மாதிரிக் கிடக்கு. முந்தி ஆற்றையோ ஒபிசுக்குள்ள நிக்கிற மாதிரி."

பொத்தான்களுக்குக் கீழே ஒரு சின்னப் பந்தி இருக்கிறது. நான் செய்கிற எல்லாத் தளங்களிலும் இதைப் போடுகிறேன், மற்றவர்களும் போட வேண்டும் என்று விரும்புகிறேன். "இந்தத் தளம் வேர்ட்பிரஸ், வூகொமர்ஸ் என்ற இலவச மென்பொருள்களில் ஓடுகிறது. இவை தெரிந்த எவராலும் இதைப் பராமரிக்க முடியும். டொமைன் சங்கத்தின் பெயரில் பதிவாகியுள்ளது." அதன்கீழ் டொமைனையும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கையும் (தளம் இருக்கிற வாடகை இடம்) எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி. பழைய தளம் போன கதை திரும்ப நடக்காமல் இருக்க அந்த மூன்று நான்கு வரி போதும். வரவேற்புப் பலகையில் நாங்கள் விரும்பியதை எழுதலாம் என்பதால் இது இலகுவாக முடிந்தது.

லோகோவோடும் டாஷ்போர்டோடும் நிறுத்தினால் வேலை பாதிதான். இடப்பக்க மெனுவில் போஸ்ட்ஸ், மீடியா, பேஜஸ், கமென்ட்ஸ், வூகொமர்ஸ், புரொடக்ட்ஸ், அனலிட்டிக்ஸ், மார்க்கெட்டிங் என்று நீண்டுகொண்டே போகும். போனில் இந்த மெனு மூன்று கோட்டுக்குள் ஒளிந்து நிற்கும். அதைத் திறந்தால் திரை முழுக்க நிரம்பும். இங்கேதான் அட்மின் மெனு எடிட்டர் தேவைப்படுகிறது. பெயரை மாற்றலாம், ஐகனை மாற்றலாம், இழுத்து மேலே கீழே வைக்கலாம், புதிய மெனு ஒன்றை உண்டாக்கி எந்தப் பக்கத்துக்கும் இணைப்புக் கொடுக்கலாம். எல்லாம் இலவசப் பதிப்பிலேயே.

முதல் இடத்தில் ஓடர்களை வைத்தேன். வூகொமர்ஸ் அதைத் தன் மெனுவுக்குள் உப மெனுவாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு. மேல்மட்டத்தில் "ஓடர்கள்" என்று புதிய மெனு உண்டாக்கி அந்தப் பக்கத்துக்கு இணைத்தேன். இதில் ஒரு குறை தெரிந்து வைத்திருங்கள்: கவனிக்க வேண்டிய ஓடர்கள் எத்தனை என்று காட்டுகிற சின்ன வட்டம் வூகொமர்ஸின் அசல் மெனுவோடு ஒட்டியது. நாங்கள் உண்டாக்கிய மெனுவில் அது வராது. புது ஓடர் வந்தால் மின்னஞ்சல் வருகிறது என்பதால் இந்தச் சங்கத்துக்கு அது பெரிய இழப்பில்லை. ஒரு நாளைக்கு நூறு ஓடர் பார்க்கிற கடைக்கு இழப்புத்தான். அவர்கள் அசல் மெனுவையே மேலே நகர்த்தலாம்.

பெயர் வைக்கும்போது இன்னொன்று. பக்க மெனுவின் அகலம் 160 பிக்சல். ஐகனுக்குப் போக மிஞ்சுகிற இடத்தில் நீளமான தமிழ்ச் சொல் இரண்டு வரியாகும், சில வேளை நடுவில் முறியும். "வாடிக்கையாளர் கருத்துக்கள்" என்று வைத்துப் பாருங்கள், தெரியும். அதனால் சங்கத்தில் எப்படிக் கதைக்கிறார்களோ அப்படியே குட்டையாக வைத்தேன்: ஓடர்கள், சாமான்கள், படங்கள், பக்கங்கள். எழுத்துருவில் பிரச்சினை இல்லை. 2016இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அட்மின் அந்தந்தக் கருவியின் சொந்த எழுத்துருவையே எடுக்கிறது. போனில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படியே இங்கும் தெரியும், தனியாக ஒன்றையும் தரவிறக்கத் தேவையில்லை.

மொழியை ஆளாளுக்கு வேறாக வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பாவனையாளரும் தன் பக்கத்தில் அட்மினுக்கான மொழியைத் தெரிவுசெய்யலாம். இலங்கைத் தமிழுக்கென்று தனித் தெரிவே இருக்கிறது. படம் ஏற்றுகிற தங்கச்சி அறிவியல் நகரில் படித்தவள், அவளுக்கு ஆங்கிலம்தான் வேகம். தலைவிக்குத் தமிழ். ஆனால் மெனு எடிட்டரில் நாங்கள் மாற்றி வைத்த பெயர் எந்த மொழியில் திறந்தாலும் வைத்தபடியே நிற்கும். இரண்டு மொழிக்காரர் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் அதை முதலே கதைத்துத் தீர்மானியுங்கள். இங்கே எல்லாரும் தமிழுக்குச் சம்மதித்தார்கள்.

இனி மறைப்பது பற்றி. இந்தப் பிளகின்களைப் பாவிக்கிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மெனுவில் இருந்து ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் எடுப்பதும், அதற்குள் போக முடியாமல் செய்வதும் ஒன்றல்ல. படலையைச் சாத்துவது வேறு, பூட்டுப் போடுவது வேறு. மெனுவில் காணாமல் போன பக்கத்தின் முகவரியை பிரவுசரில் அடித்தால், அந்த ஆளுக்கு அனுமதி இருக்கும்வரை பக்கம் திறக்கும். பூட்டு என்பது பாவனையாளரின் பொறுப்பு நிலையில், அதாவது யார் எதைச் செய்யலாம் என்ற அனுமதியில் இருக்கிறது.

ஆகவே முதலில் பொறுப்பு நிலையைச் சரிசெய்யுங்கள், பிறகு மெனுவைத் தொடுங்கள். சங்கத்தில் வேலை செய்கிற மூவருக்கும் நான் கொடுத்தது வூகொமர்ஸ் தருகிற கடை முகாமையாளர் நிலை. பிளகின் நிறுவவோ தீம் மாற்றவோ இவர்களால் முடியாது. ஆனால் கடை முகாமையாளரால் வூகொமர்ஸ் செட்டிங்ஸைத் திறக்க முடியும். காசு வருகிற வழிகள், அனுப்பும் கட்டணங்கள் எல்லாம் அங்கேதான். அதை முழு அனுமதியுள்ள அட்மின் நிலைக்கு மட்டும் என்று மெனு எடிட்டரில் தேவைப்படும் அனுமதியை உயர்த்தி வைத்தேன். வெறுமனே மறை என்ற பொத்தானை அழுத்தினால், இலவசப் பதிப்பில் அது எல்லாருக்கும் மறையும், அட்மினுக்கும் சேர்த்து. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக மறைப்பது, செய்த மெனுவைக் கோப்பாக எடுத்து வேறு தளத்தில் போடுவது எல்லாம் காசு கொடுக்கிற புரோ பதிப்பில்தான். மூன்று பேர் வேலை செய்கிற சங்கத்துக்கு இலவசம் போதும். பல கிளைகள், பல பொறுப்பாளர்கள் உள்ள பெரிய கூட்டுறவு என்றால் புரோ வாங்குவது நியாயம்.

அட்மின் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. கடவுச்சொல்லை எழுதிக் கடித உறைக்குள் வைத்து ஒட்டித் தலைவியிடம் கொடுத்தேன். சங்கப் பதிவேடுகளோடு அது அலுமாரிக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கில் உள்ளே போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை "இந்த மின்னஞ்சல் சரியா" என்று வேர்ட்பிரஸ் கேட்கும். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. நல்ல ஏற்பாடு, பயப்பட ஒன்றுமில்லை என்று முதலே சொல்லி வைக்க வேண்டும். கடை முகாமையாளர்களுக்கு அந்தப் பக்கம் வராது.

லோகோ ஒட்டிய பிறகும் வேர்ட்பிரஸின் அடையாளம் எட்டிப் பார்க்கிற இடங்கள் இரண்டு. முதலாவது, பக்கங்களைத் திருத்துகிற எடிட்டர். 2020இல் வந்த 5.4இலிருந்து அது திரை முழுக்கத் திறக்கிறது. பக்க மெனு மறைந்து இடது மேல் மூலையில் டபிள்யூ மட்டும் நிற்கும். இதற்குப் பிளகினே வேண்டாம். வேர்ட்பிரஸிலேயே தளத்துக்கான ஐகன் என்று ஒரு இடம் இருக்கிறது. 512 பிக்சல் சதுரப் படம் ஒன்றை அங்கே ஏற்றினால் அந்த மூலையிலும் அதுவே வரும், பிரவுசர் தாவலிலும் வரும். சங்கத்தின் லோகோவில் இருந்து பெயரை எடுத்துவிட்டுப் பனையையும் கதிரையும் மட்டும் வைத்தேன். அந்தச் சின்ன அளவில் பெயர் வாசிக்க முடியாது, வைத்தாலும் வீண்.

இரண்டாவது, மின்னஞ்சல். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் வருகிற கடிதத்தில் அனுப்பியவர் பெயர் வேர்ட்பிரஸ் என்றே இருக்கும். சங்கத்துப் பெண்களுக்கு அந்தப் பெயரில் வருகிற கடிதம் மோசடி போலத் தெரியும், அழித்துவிடுவார்கள். அழிக்க வேண்டும் என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிற காலம் இது. இதை மேலே சொன்ன இரண்டு பிளகின்களிடமும் நான் எதிர்பார்க்கவில்லை. மின்னஞ்சல் அனுப்புவதைப் பார்த்துக்கொள்கிற எஸ்.எம்.டி.பி பிளகின் ஒன்றைப் போட்டு, அனுப்புபவர் பெயரைச் சங்கத்தின் பெயராகவும் முகவரியைச் சங்கத்தின் டொமைனிலும் வைத்தேன். வூகொமர்ஸ் அனுப்புகிற ஓடர் கடிதங்களுக்கு அதன் செட்டிங்ஸிலேயே பெயரும் லோகோவும் நிறமும் போட இடம் உண்டு. அட்மின் பக்கத்தில் போட்ட அதே மஞ்சளும் மண்ணிறமும் கடிதத்திலும் வந்தபோதுதான் வேலை நிறைந்தது போல இருந்தது.

இதற்கு முன் அட்மின் முழுவதையும் புதிதாக வரைகிற, காசு கொடுத்து வாங்கிய தீம் ஒன்றை வேறொரு வாடிக்கையாளருக்குப் பாவித்தேன். பெயர் வேண்டாம். பார்க்க வடிவுதான். ஆனால் வேர்ட்பிரஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அதில் ஏதாவது ஒன்று இடம் மாறும். ஒருமுறை சேமி என்ற பொத்தானே வேறொரு பட்டிக்குக் கீழே போய்விட்டது, அந்தக் கடைக்காரர் அன்று முழுக்க விலை மாற்ற முடியாமல் இருந்தார். வேர்ட்பிரஸ் வரைந்ததை மூடி அதன்மேல் இன்னொன்றை வரைகிறவை எல்லாவற்றுக்கும் இந்த அபாயம் உண்டு. வைட் லேபல் சி.எம்.எஸ், மெனு எடிட்டர் இரண்டிலும் எனக்குப் பிடித்தது, இவை அட்மினின் உடம்பை அப்படியே விட்டு அதற்கென்று இருக்கிற இடங்களில் மட்டும் கை வைக்கின்றன. பிளகினை நிறுத்தினால் பழைய அட்மின் அப்படியே திரும்பி வரும். சாமானோ ஓடரோ ஒன்றும் கெடாது. நாளைக்கு வேறொருவர் இந்தத் தளத்தை எடுத்தால் அவருக்கும் தெரிந்த வேர்ட்பிரஸாகவே இருக்கும்.

இன்னொன்று, இந்தப் பிளகின்களை நிறுவிய பிறகு கடை முகாமையாளர் கணக்கில் உள்ளே போய் ஒருமுறை முழுக்கப் பாருங்கள். வைட் லேபல் சி.எம்.எஸ்ஸில் எந்த அட்மினுக்கு இந்த மறைப்புகள் பொருந்தாது என்று குறிப்பிடலாம். நல்ல வசதி. ஆனால் அதனாலேயே தளம் செய்தவர் காண்கிற அட்மினும் வாடிக்கையாளர் காண்கிற அட்மினும் வேறுவேறு. போனில், மொபைல் டேட்டாவில், அவர்களின் கணக்கில் பார்க்க வேண்டும்.

எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: பிளகின்களுக்குச் செலவு இல்லை என்பதற்காக இந்த வேலையை இலவசமாகக் கொடுக்காதீர்கள். லோகோவை வெட்டி அளவெடுப்பது, நிறம் பிரிப்பது, ஒவ்வொருவரோடும் இருந்து மெனுவுக்குப் பெயர் வைப்பது எல்லாம் நேரம் எடுக்கிற வேலை. விலைக்கூறலில் அதைத் தனி வரியாகவே போடுகிறேன், ஏன் என்றும் சொல்கிறேன். பழைய தளத்தின் கதையைக் கேட்டவர்கள் எவரும் அந்த வரியை வெட்டச் சொல்லவில்லை.

வைட் லேபல் சி.எம்.எஸ்ஸின் அமைப்புகளைக் கோப்பாக எடுத்து அடுத்த தளத்தில் ஏற்றலாம். நான் அடிப்படைக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன்: பெட்டிகள் எல்லாம் மறைத்தது, லோகோவும் வரவேற்புப் பலகையும் வெறுமையானது. ஒரு வாடிக்கையாளருக்குச் செய்து முடித்த கோப்பை அடுத்தவருக்கு அப்படியே ஏற்றாதீர்கள். லோகோ இணைப்பு முன்னையவரின் தளத்தையே காட்டும். சங்கத்துக்குச் செய்து முடித்த கோப்பின் பிரதி ஒன்று அவர்களிடமே, அந்தக் கடித உறையோடு ஒரு பென்டிரைவில் இருக்கிறது.

விசுவமடுவில் இருந்து ஒரு அரிசி ஆலைக்காரர் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவரிடம் வேலை செய்வது ஒரே ஒரு எழுதுவினைஞர், அவருக்கு வேர்ட்பிரஸ் நன்றாகத் தெரியும், ஒபிஸ் கணினியில்தான் வேலை. அங்கே மெனு எடிட்டர் தேவையில்லை. பழகிய மெனுவைக் கலைத்தால் அவருக்குக் கரைச்சல்தான். உள்நுழைவுப் பக்கம், தள ஐகன், மின்னஞ்சல் பெயர், டொமைன் விவரம் எழுதிய வரவேற்புப் பலகை, இந்த நான்கும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.